அறிகுறி இல்லாதவருக்கு ஹெர்ப்பிஸ் இரத்தப் பரிசோதனை: தெளிவற்ற முடிவைப் புரிந்துகொள்ளுதல்

உடலில் புண் இல்லை, கொப்புளம் இல்லை, எரிச்சலும் இல்லை. ஆயினும் ஆய்வகம் தந்த சீட்டில் ‘எச்எஸ்வி-2 ஐஜிஜி’ என்ற வரிக்கு எதிரே ‘பாசிட்டிவ்’ என்றோ, ‘ஈக்விவோக்கல்’ என்றோ, 1.4 போன்ற ஓர் எண்ணோ அச்சாகியிருக்கிறது. அத்தகைய சீட்டைப் பெற்றவர்களுக்காகவும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்காகவும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

முக்கியமானதை முதலிலேயே கூறிவிடுகிறோம். அறிகுறி ஏதும் இல்லாத ஒருவருக்கு ஒரே ஒரு முறை செய்யப்பட்ட ஹெர்ப்பிஸ் இரத்தப் பரிசோதனை குறைந்த அளவில் பாசிட்டிவ் காட்டினால், நோய்த்தொற்று உறுதியாகிவிட்டது என்று பொருள் அன்று. அந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டு மாத்திரையைத் தொடங்குவதோ, கருவைக் கலைக்க நினைப்பதோ, நிச்சயித்த திருமணத்தை நிறுத்துவதோ, கணவர் அல்லது மனைவி மீது ஐயம் கொள்வதோ கூடாது. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயரால் வரும் குழப்பம்

ஹெர்ப்பிஸ் என்றதும் நம் பகுதியில் பலருக்கும் நினைவுக்கு வருவது அக்கி. அக்கியின் மருத்துவப் பெயர் ஹெர்ப்பிஸ் ஜோஸ்டர். சிறு வயதில் சின்னம்மையை உண்டாக்கிய வைரஸ் நரம்பில் தங்கியிருந்து, பல ஆண்டுகள் கழித்து மீண்டும் எழும்போது, உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளங்கள் தோன்றுகின்றன. கிராமங்களில் காவி கொண்டு அக்கி எழுதும் வழக்கம் இதற்காக ஏற்பட்டது. அக்கி பால்வினை நோய் அன்று. அக்கி வந்தவரின் மருத்துவச் சீட்டில் ‘ஹெர்ப்பிஸ்’ என்ற சொல்லைக் கண்டு, வீட்டார் தவறாக எண்ணி அவரை ஒதுக்கி வைப்பது முற்றிலும் தவறு.

இங்கே நாம் பேசுவது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வேறொரு வைரஸைப் பற்றி. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைத் தவிர, வரும் வழியும் விளைவும் வேறுவேறு. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, அதாவது எச்எஸ்வி-1, பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே உமிழ்நீர் வழியாகவும் முத்தம் வழியாகவும் தொற்றுகிறது; காய்ச்சலின்போது உதட்டோரத்தில் கொப்புளமாக வருவது இதுவே. இரண்டாம் வகையான எச்எஸ்வி-2 பெரும்பாலும் உடலுறவு வழியாகத் தொற்றிப் பிறப்புறுப்புப் பகுதியில் தங்குகிறது. எச்எஸ்வி-1 சில வேளைகளில் பிறப்புறுப்பையும் பாதிக்கும்.

இவ்விரண்டும் அரிதான தொற்றுகள் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு, அதாவது 64 விழுக்காட்டினருக்கு, எச்எஸ்வி-1 தொற்று உள்ளது. 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 52 கோடிப் பேருக்கு எச்எஸ்வி-2 உள்ளது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. தோன்றினாலும் கொசுக்கடி, வியர்வைக்கட்டி, துணி உரசிய சிராய்ப்பு என்று எண்ணி விட்டுவிடும் அளவுக்கே இருக்கும். எனவே உங்கள் சீட்டில் எச்எஸ்வி-1 ஐஜிஜி பாசிட்டிவ் என்று மட்டும் இருந்தால், உலகில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இருக்கும் ஒன்று உங்களிடமும் இருக்கிறது என்பதற்கு மேல் அதில் செய்தி ஏதும் இல்லை.

இரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

இரத்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸ் நுழைந்தபின் அதற்கு எதிராக நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. ஆய்வகங்கள் இதனை ஆன்டிபாடி என்று குறிப்பிடும். வைரஸ் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக்கொண்டிருக்கும்போதும் இந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் சுற்றிவரும். எனவே, முடிவு சரியானதாகவே இருந்தாலும், அது ‘என்றோ ஒரு நாள் இந்த வைரஸ் உடலுக்குள் வந்தது’ என்பதை மட்டுமே சொல்லும். எந்த ஆண்டு வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பவற்றை அது சொல்லாது. எச்எஸ்வி-1 எனில், வாயில் உள்ளதா பிறப்புறுப்பில் உள்ளதா என்பதையும் சொல்லாது.

சீட்டில் ஐஜிஜி, ஐஜிஎம் என இரண்டு வரிகள் இருக்கக்கூடும். ஐஜிஎம் என்பது புதுத்தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள் என்பது பொதுவான எண்ணம். பல நோய்களில் அது ஓரளவு உண்மை. ஹெர்ப்பிஸில் அவ்வாறு அன்று. பழைய தொற்று மீண்டும் எழும்போதும் ஐஜிஎம் வரும். சின்னம்மை வைரஸ் போன்ற அதே குடும்பத்து வைரஸ்களுக்கான எதிர்ப்பொருளைக் கண்டும் இச்சோதனை ஏமாறும். முதல் வகையா இரண்டாம் வகையா என்றும் அது பிரித்துக் காட்டாது. இக்காரணங்களால் ஹெர்ப்பிஸைக் கண்டறிய ஐஜிஎம் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் 2021ஆம் ஆண்டுப் பால்வினை நோய் வழிகாட்டுதலில் கூறியுள்ளது. ஆயினும் நம் ஊர் ஆய்வகங்களின் சீட்டுகளில் அந்த வரி இன்றும் இடம்பெறுகிறது. உங்கள் சீட்டில் ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்றிருந்தால், அந்த வரியை நீங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பயனுள்ளது, வகை பிரித்துக் காட்டும் ஐஜிஜி சோதனையே. அதிலும் எண்ணைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

எண்ணைப் படிக்கும் முறை

‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்ற சொற்கள் ஓர் எண்ணிலிருந்து பிறக்கின்றன. உங்கள் இரத்த மாதிரி காட்டிய அளவை, சோதனைப் பெட்டியைத் தயாரித்தவர் குறித்துள்ள எல்லை அளவோடு ஒப்பிட்டு ஒரு விகிதம் கணக்கிடப்படுகிறது. பரவலாகப் பயன்படும் சோதனை முறைகளில் 0.9க்குக் கீழ் நெகட்டிவ், 0.9 முதல் 1.1 வரை ஐயத்திற்குரியது, 1.1க்கு மேல் பாசிட்டிவ் எனக் கொள்ளப்படுகிறது. ‘ஈக்விவோக்கல்’ என்று சீட்டில் வருவது அந்த நடுப்பகுதியைத்தான். உங்கள் ஆய்வகம் பயன்படுத்தும் எல்லை வேறாகவும் இருக்கலாம். சீட்டின் வலப்பக்கத்திலோ அடியிலோ அது அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல் வேறொருவரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள்.

எண் பெரிதாக இருந்தால் நோய் கடுமையானது என்று பொருள் இல்லை. ‘எனக்கு 6 வந்துள்ளது, அவருக்கு 2தான், எனக்குத்தான் முற்றிவிட்டது’ என்று வருந்துவது அடிப்படையற்றது. முடிவு எவ்வளவு நம்பத்தக்கது என்பதையே அந்த எண் உணர்த்துகிறது. எச்எஸ்வி-2 ஐஜிஜி 1.1க்கு மேல், ஆனால் 3க்குக் கீழ் இருக்கும்போது அது பொய்யான பாசிட்டிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். மேற்கூறிய 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 3க்குக் குறைந்த எண்ணை வேறொரு முறையிலான இரண்டாம் சோதனையால் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. ஏற்கெனவே எச்எஸ்வி-1 உள்ளவர்களிடம் எச்எஸ்வி-2 சோதனை இவ்வாறு தவறிப் பாசிட்டிவ் காட்டுவது கூடுதலாகக் காணப்படுகிறது. எச்எஸ்வி-1 நம்மிடையே எவ்வளவு பரவலானது என்பதை எண்ணிப் பார்த்தால், இது எத்தனை பேரைப் பாதிக்கக்கூடும் என்பது விளங்கும்.

நெகட்டிவ் முடிவுக்கும் ஒரு வரம்பு உண்டு. தொற்று ஏற்பட்டபின் எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். பெரும்பாலோரிடம் 12 வாரங்களுக்குள் அது புலப்பட்டுவிடும். ஆகவே பத்து நாட்களுக்கு முன் நடந்த உடலுறவை எண்ணி அஞ்சி இன்று சோதித்துக்கொண்டால், வரும் நெகட்டிவும் உறுதியானது அன்று. வரும் பாசிட்டிவ் அந்த நிகழ்வால் வந்ததும் அன்று.

அறிகுறி இல்லாதவரிடம் சோதனை ஏன் தடுமாறுகிறது?

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். இவை விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட எண்களே. எந்த ஊரின் புள்ளிவிவரமும் அல்ல. அறிகுறி இல்லாத 1,000 பேரில் 100 பேருக்கு எச்எஸ்வி-2 உண்மையிலேயே இருக்கிறது என்று கொள்க. சோதனை அந்த 100 பேரில் 95 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. தொற்று இல்லாத 900 பேரில் பத்தில் ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டுகிறது. அது 90 பேர். இப்போது பாசிட்டிவ் சீட்டுடன் நிற்பவர்கள் 185 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்றே இல்லை.

இதே சோதனையை, பிறப்புறுப்பில் தெளிவான கொப்புளங்களுடன் வந்த 1,000 பேரிடம் செய்து பாருங்கள். அவர்களில் 700 பேருக்குத் தொற்று இருப்பின், 665 பேர் சரியாகக் கண்டறியப்படுவர். மீதி 300 பேரில் 30 பேருக்கு மட்டுமே தவறு நேரும். சோதனை மாறவில்லை, யாரிடம் செய்கிறோம் என்பதுதான் மாறியது. அறிகுறியே சோதனைக்குத் துணை நிற்கும் சாட்சி. அது இல்லாதபோது எண்ணின் நம்பகத்தன்மை சரிந்துவிடுகிறது.

எச்ஐவி பரிசோதனையோடு இதை ஒப்பிடுவது பயன் தரும். அரசு நம்பிக்கை மையத்தில் ஒருவருக்கு எச்ஐவி பாசிட்டிவ் என்று தெரிவிப்பதற்கு முன், ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்ட மூன்று சோதனைகளிலும் பாசிட்டிவ் வந்திருக்க வேண்டும். இந்த எச்சரிக்கை தமிழகத்திற்குப் புதிதன்று. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகளில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில், நாட்டிலேயே முதன்முறையாக எச்ஐவி தென்பட்டது. அந்த முதல் முடிவோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அப்பெண்களிடம் மீண்டும் இரத்தம் எடுத்துச் சோதித்து, பின்னர் அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் என்னும் நுட்பமான சோதனையாலும் உறுதி செய்துகொண்டனர். ஹெர்ப்பிஸுக்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அதனைச் செய்கிறது. நம் மாவட்டத்தில் அன்றாடம் கிடைக்கும் சோதனை அன்று அது. எச்ஐவிக்கு மூன்று சோதனை கேட்கும் நாம், ஹெர்ப்பிஸுக்கு ஒரே சீட்டை வைத்து வாழ்க்கை முடிவுகளை எடுப்பது பொருந்தாது.

அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், அறிகுறி இல்லாத இளையோர், பெரியோர், கர்ப்பிணிகள் எவருக்கும் ஹெர்ப்பிஸ் இரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்ற பரிந்துரையை மீண்டும் உறுதிப்படுத்தியது. அதனால் விளையும் நன்மையைவிடத் தீங்கே அதிகம் என்பதே காரணம். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளிலும், திருமணத்திற்கு முந்தைய பரிசோதனைத் தொகுப்புகளிலும் இதைச் சேர்ப்பது தேவையற்றது என்பதே எம் கருத்தும். தொகுப்பில் இருந்தால் அந்த ஒரு சோதனையை மட்டும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சீட்டு கையில் இருக்கிறது. இனி என்ன செய்வது?

முதலில் சீட்டை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ, பால்வினை நோய் மருத்துவரையோ பாருங்கள். வாயிலோ பிறப்புறுப்பிலோ முன்பு எப்போதாவது புண் வந்ததா, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எரிச்சலோ வெடிப்போ வருகிறதா, இணையருக்கு அப்படி ஏதேனும் உண்டா என்று மருத்துவர் கேட்பார். கூச்சப்படாமல் விடை கூறுங்கள். பெரும்பாலான நேரங்களில் இந்த உரையாடல் சீட்டைவிட அதிகம் சொல்லும். மருத்துவர் உடலைப் பரிசோதித்துவிட்டு, ‘மருந்து வேண்டாம்’ என்று அனுப்பினால், உங்களைப் புறக்கணித்தார் என்று எண்ண வேண்டாம். அரசுப் பால்வினை நோய் சிகிச்சை, அறிகுறியை அடிப்படையாகக் கொண்டது. ஹெர்ப்பிஸ் புண் உள்ளவருக்கு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் முறைப்படி, சிவப்பு நிற உறையிலுள்ள ஐந்தாம் எண் மருந்துத் தொகுப்பு தரப்படும். அதில் 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் மாத்திரை, நாளொன்றுக்கு மூன்று வீதம் ஏழு நாட்களுக்கு இருக்கும். அது புண்ணுக்கான மருந்து. சீட்டில் உள்ள எண்ணுக்கான மருந்து அன்று. மாத்திரை சாப்பிட்டு ஐஜிஜி எண்ணைக் குறைக்கவும் இயலாது.

எண் ஐயத்திற்குரியதாகவோ 3க்குக் கீழாகவோ இருந்தால், தொற்றுக்கு வாய்ப்பிருந்ததாக நீங்கள் கருதும் நாளிலிருந்து 12 வாரங்கள் கழிந்தபின் ஒருமுறை மீண்டும் சோதிக்கலாம். வேறு முறையிலோ வேறு நிறுவனத்தின் பெட்டியிலோ சோதிக்கும் ஆய்வகமாக இருந்தால் நல்லது. அதே ஆய்வகத்தில் அதே முறையில் மறுநாளே எடுத்தால் அதே தவறு திரும்ப வரும். 12 வாரங்களுக்குப் பின் எடுத்த முடிவு நெகட்டிவாகவோ அதே குறைந்த எண்ணாகவோ இருந்து, அறிகுறியும் இல்லையெனில், அது பொய்யான பாசிட்டிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எண் தெளிவாக உயர்ந்திருந்தால் அது உண்மையான தொற்றாக இருக்கலாம். மாதந்தோறும் சோதித்துப் பணத்தைச் செலவிடாதீர்கள். அச்சம் தணிவதற்குப் பதிலாக வளரும்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் எங்கேனும் கொப்புளமோ புண்ணோ தோன்றினால், அதுவே நல்ல வாய்ப்பு. புண் காய்ந்து பொருக்குத் தட்டும் முன், முதல் ஓரிரு நாட்களிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியால் நீர் எடுத்துச் செய்யப்படும் பிசிஆர் சோதனை வைரஸையே நேரடியாகத் தேடுகிறது, வகையையும் கூறும். களிம்பு தடவியோ, மஞ்சள் பூசியோ, பொருக்கு விழுந்தபின் வந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

இன்னொன்றையும் கூற வேண்டும். பாதுகாப்பற்ற உடலுறவு நேர்ந்ததா என்ற அச்சமே உங்களை ஹெர்ப்பிஸ் சோதனைக்கு அழைத்துச் சென்றிருந்தால், அதைவிட முதன்மையான சோதனைகள் எச்ஐவியும் சிபிலிஸும். இவை துல்லியமானவை; சிகிச்சையும் இலவசம். ஹெர்ப்பிஸ் சீட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே இவற்றைச் செய்யாமல் இருப்பவர்கள் பலர்.

கணவன் மனைவிக்கிடையே

இந்தச் சீட்டினால் விளையும் மிகப் பெரிய தீங்கு உடலில் அன்று, குடும்பத்தில்தான். ஒருவருக்கு எச்எஸ்வி-2 பாசிட்டிவ், மற்றவருக்கு நெகட்டிவ் என்று வந்தால், உடனே ‘யார் தவறு செய்தது’ என்ற கேள்வி எழுகிறது. சான்றாக, ஒரகடத்தில் இரவுப் பணிக்குச் செல்லும் கணவரும் ராஜகுளத்தில் வசிக்கும் மனைவியும் குழந்தைப் பேற்றுக்கான பரிசோதனைகளைச் செய்துகொள்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மனைவியின் எண் 1.7, கணவருடையது 0.3. மாமியார் வீட்டில் அந்தச் சீட்டு கைமாறுகிறது. அந்த 1.7 தவறான முடிவாக இருக்கக்கூடும் என்பதை அங்கு யாரும் அறியார். அது சரியான முடிவாகவே இருந்தாலும், தொற்று எப்போது வந்தது என்பதை எந்த மருத்துவராலும் கூற இயலாது. பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்த தொற்று இன்று சோதனையில் தெரியலாம். நெகட்டிவ் வந்தவருக்குச் சோதனை தவறவிட்ட தொற்று இருக்கலாம். ஆகவே ஹெர்ப்பிஸ் இரத்தச் சீட்டு யாருடைய ஒழுக்கத்திற்கும் சான்று ஆகாது.

முடிவு உறுதியாகும் வரை யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: மருத்துவரிடமும், தேவையெனில் இணையரிடமும் மட்டும் போதும். இணையரிடம் சொல்லும்போது முடிந்தால் இருவரும் சேர்ந்தே மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். மூன்றாம் நபரின் முன்னிலையில் பேசும்போது சொற்கள் தடிப்பதில்லை. உறவினரிடமோ, வாட்ஸ்அப் குழுவிலோ சீட்டின் படத்தைப் பகிராதீர்கள். இணையருக்குத் தெரியாமல் மருந்தைக் கலந்து கொடுப்பது, விளம்பரம் பார்த்துக் காப்புறுதியுடன் ‘வேரோடு அகற்றும்’ மருந்து வாங்குவது ஆகியவையும் நடக்கின்றன. ஹெர்ப்பிஸ் வைரஸை உடலிலிருந்து முற்றிலும் அகற்றும் மருந்து எந்த மருத்துவ முறையிலும் இன்று இல்லை. பால்வினை நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதையே மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954 தடை செய்கிறது. விடுதி அறையில் முகாம் போட்டு மருந்து விற்பவரிடம் ஏமாறாதீர்கள்.

கர்ப்பிணிகளும் டார்ச் சோதனையும்

நம் பகுதியில் அறிகுறி இல்லாத பெண்கள் ஹெர்ப்பிஸ் பாசிட்டிவ் சீட்டுடன் வருவதற்கு ஒரு பொதுவான வழி, டார்ச் எனப்படும் சோதனைத் தொகுப்பு. டாக்சோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்ப்பிஸ் ஆகியவற்றை ஒருசேரத் தேடும் தொகுப்பு அது. பிறவியிலேயே நோயுற்றிருக்கும் பச்சிளங்குழந்தைக்குக் காரணம் தேடுவதற்காக, 1971இல் ஆந்த்ரே நாமியாஸ் என்ற குழந்தை மருத்துவரும் உடன் பணியாற்றியோரும் வகுத்தது. காலப்போக்கில் அது தாயிடம், அதிலும் கருச்சிதைவு நேர்ந்த பெண்ணிடம், செய்யும் சோதனையாக மாறிவிட்டது. கருச்சிதைவு திரும்பத் திரும்ப நேர்வதற்கு இத்தொற்றுகள் காரணம் அல்ல. எனவே அதற்காக டார்ச் சோதனை செய்யும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான அரச கல்லூரி 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் தெளிவுபடுத்தியது.

ஆகவே, கருச்சிதைவுக்குப் பின் எடுத்த சோதனையில் ஹெர்ப்பிஸ் ஐஜிஜியோ ஐஜிஎம்மோ பாசிட்டிவ் வந்திருந்தால், ‘இதனால்தான் கரு தங்கவில்லை’ என்று முடிவு செய்யாதீர்கள்; அந்தப் பெண்ணைக் குற்றம் சாட்டாதீர்கள். தற்போது கர்ப்பமாக இருந்து, அறிகுறி ஏதும் இல்லாமல் சீட்டு மட்டும் பாசிட்டிவ் எனில், கருவைக் கலைக்க வேண்டியதில்லை. அதற்காக மட்டும் அறுவைசிகிச்சை மூலம் பிரசவம் பார்க்கவும் வேண்டியதில்லை. தாயிடம் பழைய எதிர்ப்பொருள் இருப்பது ஒரு வகையில் குழந்தைக்குப் பாதுகாப்பு. அது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் செல்கிறது.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. இதுவரை தொற்று இல்லாத கர்ப்பிணிக்கு, கடைசி மூன்று மாதங்களில் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் முதன்முறையாக வந்தால், பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு வரை இருக்கலாம். பழைய தொற்று உள்ள தாயிடமிருந்து அந்த வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே கணவருக்கு ஹெர்ப்பிஸ் புண் வருவதுண்டு என்று தெரிந்திருந்தால், கடைசி மூன்று மாதங்களில் உடலுறவையும் வாய்வழி உறவையும் தவிர்த்து விடுங்கள். பிரசவ வலி தொடங்கும் நேரத்தில் பிறப்புறுப்பில் புண்ணோ, புண் வருவதற்கு முந்தைய எரிச்சலோ குத்தலோ இருந்தால், தயங்காமல் செவிலியரிடமும் மருத்துவரிடமும் கூறுங்கள். அப்போதுதான் அறுவைசிகிச்சை குழந்தையைக் காக்கும் வழியாகிறது. முன்பு பலமுறை புண் வந்த பெண்களுக்கு 36ஆம் வாரத்திலிருந்து அசைக்ளோவிர் தருவது வழக்கம். அதை மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார்.

குழந்தை பிறந்தபின் பாட்டியோ அத்தையோ உதட்டில் கொப்புளத்துடன் வந்து குழந்தையை முத்தமிடுவதையும் தடுக்க வேண்டும். உறவைப் புண்படுத்தும் என்று தயங்காதீர்கள். புண் ஆறும் வரை சில நாட்கள் பொறுக்கச் சொல்லுங்கள். பிறந்த முதல் ஆறு வாரங்களுக்குள் குழந்தைக்குக் கொப்புளம், காய்ச்சல், பால் குடிக்காமை, வழக்கத்துக்கு மாறான சோர்வு, வலிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். 108 அவசர ஊர்தியை அழைக்கலாம்.

தொற்று உறுதியானால்

இரண்டாம் சோதனையும் தெளிவாகப் பாசிட்டிவ் எனில், எச்எஸ்வி-2 உங்களிடம் இருக்கிறது என்று கொள்ளலாம். பலர் வாழ்நாள் முழுவதும் ஒரு புண்ணும் இன்றி இருக்கின்றனர். எனினும் அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் வைரஸ் அவ்வப்போது வெளியேறும். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அறிகுறி இருந்தவர்களிடம் ஏறத்தாழ 20 விழுக்காடு நாட்களிலும், அறிகுறி இல்லாதவர்களிடம் 10 விழுக்காடு நாட்களிலும் பிறப்புறுப்பில் வைரஸ் காணப்பட்டது. ஆணுறை இதனைப் பெரிதும் குறைக்கும், முழுமையாகத் தடுக்காது. எச்எஸ்வி-2 உள்ளவருக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பும் கூடுதல் என்பதால், ஆணுறை இருவகையிலும் காப்பு. திருமணம் செய்துகொள்ளலாம், குழந்தை பெற்றுக்கொள்ளலாம், வீட்டில் தட்டு, குவளை, படுக்கை எதையும் தனியே வைக்க வேண்டியதில்லை. கழிப்பறை வழியாகவோ, துணி வழியாகவோ இது பரவுவதில்லை.

எங்கே செல்வது?

ராஜகுளம், வாலாஜாபாத், உத்திரமேரூர் சுற்றுவட்டார மக்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, உத்திரமேரூர் அரசு மருத்துவமனையிலோ முதலில் மருத்துவரைப் பார்க்கலாம். பால்வினை நோய் சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையை அணுகலாம். மேல் ஆய்வு தேவைப்பட்டால் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் பால்வினை நோயியல் பிரிவுக்குப் பரிந்துரைப்பர். எச்ஐவி, சிபிலிஸ் சோதனையும் ஆலோசனையும் நம்பிக்கை மையங்களில் இலவசம்; உங்கள் விவரம் இரகசியமாகக் காக்கப்படும். நேரில் வரத் தயங்குவோர் 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பால்வினை நோய் குறித்தும், 104 என்ற எண்ணில் பொது மருத்துவ ஐயங்கள் குறித்தும் கேட்கலாம்.

மருத்துவரைப் பார்க்க வரும்போது ஆய்வகச் சீட்டின் முழுப் பக்கத்தையும் எடுத்து வாருங்கள். ‘பாசிட்டிவ்’ என்ற வரியை மட்டும் கைப்பேசியில் படமெடுத்து வந்தால் எல்லை அளவும், சோதனை முறையும், இரத்தம் எடுத்த நாளும் தெரியாமல் போய்விடும்.